எடையில்லாத பூனை

முசாஃபாவில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில்.
பெரிய திரை உள்ள போன் ஒன்றுதான்,
அது சீனி முகமதுவுடையது.
வெள்ளி மதியம் குப்பூஸும் பருப்பும் முடிந்து
ஊறுகாய் பாட்டிலில் அதைச் சாய்த்து வைத்தால்
தியேட்டர் தயார்.

அன்று புதுப் படம். கார்ட்டூன்.
பூனையின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசைகிறது,
மீசையில் ஒட்டிய தண்ணீர்த் துளிக்குள்
ஜன்னல்கூடத் தெரிகிறது.
செலவு செய்திருக்கிறார்கள், பாவம்.
நாற்பதாவது மாடியிலிருந்து விழுகிறது,
எழுகிறது, மறுபடி ஏறி மறுபடி விழுகிறது.
பதினோரு தடவை எண்ணினேன்.
பிம் பகதூர் பாதியில் எழுந்து
துணி காயப்போடப் போய்விட்டான்.

"பூனைக்கு வெயிட்டே இல்லப்பா" என்றார் ஞானதிரவியம்.
பதினெட்டு வருடமாகச் சாரம் கட்டுகிறவர்,
பைப்பைக் கையில் வாங்கியதும் கிலோ சொல்லுவார்.
"விழுந்தா தரைக்கு வலிக்கணும்.
இது விழுந்தது தரைக்கே தெரியல."

குரல் வேறு.
அதைத் தமிழ் பேச வைத்தவர்களுக்கு
பூனை ஒரு நொடி வாயை மூடினாலும் பயம்.
ஓடும்போது பஞ்ச் டயலாக்,
பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும்போதும் பஞ்ச் டயலாக்,
மூச்சு விடவேண்டிய இடத்தில்
எப்போதோ செத்துப்போன சினிமா ஜோக்.
நாங்கள் மறந்துவிடுவோமோ என்று
எங்களுக்கும் சேர்த்து
யாரோ முன்கூட்டியே சிரித்து வைத்திருந்தார்கள்.

சீனி சத்தத்தை அணைத்துவிட்டு
பழையது ஒன்றைத் தேடிப் போட்டான்.
கையால் வரைந்தது, நிறம் வெளுத்தது.
ஒரு நாய், ஒரு பெயிண்ட் டப்பா, ஓர் ஏணி.
கதை அவ்வளவுதான்.
ஏணி முடிந்த பிறகும்
நாய் இரண்டு படி ஏறிவிடுகிறது.
நிற்கிறது.
காலால் அடுத்த படியைத் துழாவுகிறது.
இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம்.
பிறகு மெதுவாகத் திரும்பி
எங்களைப் பார்க்கிறது.

பிம் பகதூர் ஈரச் சட்டையோடு வாசலில் நின்று
மூக்கில் சளி வரச் சிரித்தான்.
பக்கத்து அறை வங்காளிகள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்து
அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.
அந்தத் துழாவலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
நேற்று இருந்த பலகையை
இன்று பூட்ஸால் தேடாதவன்
அந்த அறையில் யார்?

"அந்த நீலத் தொப்பிக்காரன விடவா?" என்றேன் நான்.
கம்பெனி காட்டும் பாதுகாப்புப் படம்.
பொம்மை ஆள் கொக்கியை மாட்ட மறந்து
உதட்டில் ஒட்டிய அதே புன்னகையோடு
லிஃப்டில் இறங்குகிறவன்போல் விழுவான்.
தரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.
முதல் நாள் முப்பது பேரும் சிரித்துவிட்டோம்.
ஆபீசர் கொதித்துப்போய் மூன்று தடவை போட்டுக் காட்டினார்,
மூன்றாவது தடவை என் பக்கத்திலிருந்தவன்
கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஞானதிரவியம் சிரிக்கவில்லை.
"ருவைஸ்ல ஒருத்தன் அப்படித்தான்.
சிரிச்சிட்டே விழுந்தான்."
அறை அடங்கியது.
அவர் சுலைமானியை எடுத்தார்.
ஊதினார்.
ஒரு வாய் குடித்தார்.
ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
சீனி போனைக் கவிழ்த்து வைத்தான்.

"வலை கட்டியிருந்துச்சு" என்றார்.
"வலையில படுத்துக்கிட்டே
ஏழு நாள் லீவு கேட்டான்."

எந்தப் படத்துக்கும் நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.
கேம்ப் பாஸ் வந்து கதவைத் தட்டினார்.

சனி அதிகாலை, ஆறாவது தட்டு.
கொக்கியை மாட்டினேன், டிக்.
இருட்டில் பலகையைத் தேடி வலது கால் நீண்டது.
இந்தப் பக்கம்.
அந்தப் பக்கம்.
என்னையறியாமல் திரும்பி
யாரையோ பார்த்தேன்.

கீழே டார்ச் வெளிச்சத்தில் சீனி
என்னடா சிரிக்கிறே என்று கையை ஆட்டினான்.
அவ்வளவு உயரத்திலிருந்து
எதை விளக்க?